புதிய வகுப்பாசிரியருக்கு: பிள்ளைகளின் மனதைக் கவனிக்கும் வேலையை எங்கிருந்து தொடங்குவது

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர் கைக்கு முதலில் வருவது வருகைப்பதிவேடு. அடுத்து பாடநூல் பட்டியல், சீருடை அளவு, எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) ஏற்ற வேண்டிய விவரங்கள், ஆதார் நகல். முதல் இரண்டு வாரம் இதிலேயே ஓடிவிடும். பிள்ளைகளின் மனநிலையைக் கவனிப்பது எந்தப் பட்டியலிலும் இல்லாத வேலை. அதனால் பெரும்பாலும் ஏதாவது நடந்த பிறகுதான் அது தொடங்குகிறது: ஒரு பெண் பிரேயரில் மயங்கி விழுவாள், ஒரு பையன் மூன்று வாரமாக வரவில்லை என்பது திடீரென்று கண்ணில் படும்.

தமிழ்நாட்டு அரசு, உதவிபெறும் பள்ளிகளில் ஆறு முதல் பத்தாம் வகுப்புவரை முதல்முறையாக வகுப்பாசிரியர் ஆகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். அடிப்படை ஒன்றுதான். முகம் வாடியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. சில பிள்ளைகள் பிறவியிலேயே அமைதி. பார்க்க வேண்டியது மாற்றத்தை. ஓயாமல் பேசுகிறவள் பேச்சை நிறுத்துவது, கூட்டமாகச் சாப்பிடுகிறவன் தூணுக்குப் பின்னால் போய்த் தனியாகச் சாப்பிடுவது, கையெழுத்து திடீரென்று சிதைவது. மாற்றம் தெரிய வேண்டுமானால் அந்தப் பிள்ளையின் வழக்கம் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுதல்

80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். ஒரு நாளைக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு வரி, மொத்தம் பத்து நிமிடம். 40 பேர் வகுப்பு பத்து வேலைநாளில் முடிந்துவிடும். எழுத வேண்டியவை சாதாரண விஷயங்கள்தான்: யாரோடு வருகிறாள், எவ்வளவு தூரம், காலையில் என்ன சாப்பிட்டாள், வீட்டில் கையெழுத்துப் போடுவது யார், மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், எந்தப் பீரியடில் முகம் மலர்கிறது.

காலைச் சாப்பாட்டுக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், ஐந்தாம் வகுப்புவரை பள்ளியிலேயே சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறி வந்ததும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவது பீரியடில் எரிந்து விழுகிற பையனுக்குக் கோபக்காரன் என்று பெயர் வைப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

நோட்டில் கண்டதை எழுதுங்கள், தீர்ப்பு எழுத வேண்டாம். "சோம்பேறி, அக்கறை இல்லை" என்ற வரி ஆறு மாதம் கழித்து ஒன்றுக்கும் உதவாது. "செவ்வாய், 3ஆம் பீரியட், தலையை மேசையில் வைத்திருந்தான், கேட்டதற்குத் தூக்கம் என்றான்" என்பது உதவும். அதே வரி மறு செவ்வாயும் வந்தால், திங்கள் இரவு அந்த வீட்டில் என்ன என்று யோசிக்கத் தோன்றும். நோட்டு உங்கள் பீரோவில் பூட்டி இருக்க வேண்டும். ஸ்டாஃப் ரூம் மேசையில் கிடந்தால், உங்களை நம்பிச் சொன்னது மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். அதன்பிறகு அந்த வகுப்பில் ஒருவரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

வருகைப்பதிவேட்டை வாசிப்பது

வருகைப்பதிவேட்டை மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு மூடிவிடுகிறோம். குறுக்காக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். விடுப்பு எத்தனை நாள் என்பதைவிட எந்தெந்த நாள் என்பது முக்கியம். திங்கள்கிழமைகளா? கணக்குத் தேர்வு நாள்களா? மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாளா? கடைசியாகச் சொன்னது பெண் பிள்ளை என்றால் மாதவிடாயாக இருக்கலாம். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆண் ஆசிரியர் என்றால் ஆசிரியை ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆலோசனை எதுவும் வேண்டாம். இருபது ரூபாய்த் தாழ்ப்பாள் போதும் என்ற இடங்கள் உண்டு.

வயிற்றுவலி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளின் பயம் அதிகமும் வயிற்றில்தான் வந்து உட்காருகிறது. கேட்டதும் "நடிக்கிறான்" என்று சொல்லிவிடுவது நம் பழக்கம். வலி பெரும்பாலும் நிஜம். பயத்தில் குடல் இறுகுவது உடம்பின் வேலை, அதைப் பிள்ளை வரவழைப்பதில்லை. முதலில் உடம்பைப் பாருங்கள்: சாப்பிட்டானா, காலையிலிருந்து சிறுநீர் அடக்கி வைத்திருக்கிறானா, காய்ச்சல் உண்டா. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வாந்தி, எடை குறைவு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், தாமதிக்கக் கூடாது. இவை எதுவும் இல்லை என்றால் இரண்டு வாரம் வலி வந்த நேரத்தை மட்டும் குறித்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லை, விளையாட்டுப் பீரியடில் இல்லை, ஆங்கிலப் பீரியடுக்குப் பத்து நிமிடம் முன்னால் வருகிறது என்றால் விடை அங்கேயே இருக்கிறது. அந்தப் பீரியடில் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்களா, வாசிக்கும்போது யார் சிரிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாடு இருந்தும் யாரும் கண்டுபிடிக்காமல் எட்டாம் வகுப்புவரை வந்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை இயலாமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சிறப்பாசிரியர் மூலம் பரிசோதனைக்கு அனுப்பி, குறைபாடு உறுதியானால் தேர்வில் சலுகைகளும் கிடைக்கும்.

பள்ளிக்கே வர மறுக்கிற பிள்ளையை "ஒரு வாரம் ஓய்வு எடுக்கட்டும்" என்று வீட்டில் விட்டுவிடுவது நல்லெண்ணத்தில் செய்கிற தவறு. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பி வருவதை இன்னும் கடினமாக்கும். முதல் இரண்டு நாள் மதியம் மட்டும், அடுத்த மூன்று நாள் இடைவேளை முதல், பிறகு முழு நாள் என்று படிப்படியாக அழைத்து வாருங்கள். வாசலில் கூட்டிக்கொள்ள ஒரு தோழியை ஏற்பாடு செய்யுங்கள். வந்ததும் "அடடே, ராணி வந்துட்டாங்க" என்ற ஒரு கிண்டல் போதும், அத்தனையும் வீண்.

காலைப் பத்து நிமிடம்

முதல் பெல் அடிக்கும்போது வகுப்பு வாசலில் நில்லுங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பட்டப்பெயர் வேண்டாம், அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். ஆசிரியர் வாயில் வந்துவிட்டால் அது நிலைத்துவிடும்.

வருகை எடுக்கும்போது விரல் முறையைப் பழக்கலாம். பெயர் கூப்பிட்டதும் பிள்ளை கையை நெஞ்சோடு ஒட்டி வைத்து விரல் காட்ட வேண்டும்: ஐந்து என்றால் மிக நன்றாக இருக்கிறேன், ஒன்று என்றால் சரியில்லை. கை நெஞ்சோடு இருப்பதால் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. புதிதாகச் செய்கிறவர்கள் ஒரு இடத்தில் தவறுகிறார்கள். ஒரு விரலைப் பார்த்ததும் "ஏன், என்னாச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுகிறார்கள். மறுநாளிலிருந்து வகுப்பே ஐந்து விரல் காட்டும். பேசாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பதிவேட்டில் சின்னப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலைக்குள் அந்தப் பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். பேசாமல் விட்டாலும் முறை செத்துவிடும். விரல் காட்டி என்ன பயன் என்பது பிள்ளைக்கு இரண்டே நாளில் புரிந்துவிடும்.

யார் பக்கத்தில் யார்

ஜூலை முதல் வாரத்தில் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். "பக்கத்தில் உட்கார விரும்பும் இரண்டு பேர்" என்று மட்டும் கேளுங்கள். யாரோடு உட்காரப் பிடிக்காது என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்வியே வெறுப்பை உண்டாக்கும். வீட்டில் வைத்து எண்ணுங்கள். நாற்பது பேரில் சிலர் பெயர் ஒரு சீட்டிலும் இருக்காது. நீங்கள் கலகலப்பானவன் என்று நினைத்த பையன் அதில் இருப்பதும் உண்டு. அவர்களுக்காக மட்டும் இடம் மாற்றினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனவே வகுப்பு முழுவதையும் மாற்றுங்கள். பெயர் வராத பிள்ளை கேட்ட இருவரில் ஒருவரை, இரக்கமுள்ளவராகப் பார்த்து, பக்கத்தில் வையுங்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் சீட்டு எழுத வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெஞ்சில் சாதி உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் கண் திறந்து பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீட்டிலேயே வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயம் பட்டார். வெட்டியவர்களில் கூடப் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அதையடுத்து, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. உங்கள் வகுப்பில் இன்றே செய்யக்கூடியது உண்டு. உதவித்தொகைக்காக "எஸ்.சி. பிள்ளைங்க எந்திரிங்க" என்று எந்தக் காரணத்துக்கும் சொல்லாதீர்கள். பட்டியல் எமிஸில் இருக்கிறது. படிவத்தைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கலாம். எழுந்து நின்ற அந்த அரை நிமிடத்தைப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

தனியாகப் பேசும்போது

இடம்: வராந்தா, மரத்தடி, நூலக மூலை. எல்லார் கண்ணிலும் பட வேண்டும், காதில் விழக் கூடாது. மூடிய அறை வேண்டாம். அது இருவருக்கும் பாதுகாப்பு. நேரம்: மதியச் சாப்பாடு முடிந்த பிறகு. மாலை பெல் அடித்ததும் என்றால் மனம் வேனிலும் பஸ்ஸிலும் இருக்கும். எதிரே நின்று பார்க்காமல் பக்கத்தில் உட்காருங்கள். ஏதாவது கைவேலை கொடுங்கள். நோட்டு அடுக்குவது, சாக்பீஸ் பிரிப்பது போதும். கை ஓடும்போது வாயும் திறக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள். ஒரு மாதிரி:

"ரெண்டு நாளா நீ தனியா சாப்பிடுறதைப் பார்த்தேன்மா."

"ஒண்ணுமில்ல மிஸ்."

"சரி. ஒண்ணுமில்லைன்னாலும் பரவாயில்ல. இந்த நோட்டையெல்லாம் அடுக்கித் தா."

இங்கே பொறுக்க வேண்டும். மௌனம் நமக்குத்தான் கஷ்டம், பிள்ளைக்கு இல்லை. ஒரு நிமிடம் கழித்து "அவங்க குரூப்ல இருந்து என்னை எடுத்துட்டாங்க மிஸ்" என்று வரலாம். வராமலும் போகலாம். வரவில்லை என்றால் "வியாழக்கிழமை மறுபடி நோட்டு அடுக்கணும், நீயே வா" என்று சொல்லி அனுப்புங்கள். பாதிப் பிள்ளைகள் இரண்டாவது முறைதான் பேசுவார்கள்.

"இதுக்கெல்லாமா அழுவாங்க", "உங்க அம்மா எவ்வளவு கஷ்டப்படுறாங்க தெரியுமா", "என் காலத்துல" என்று தொடங்கும் எதுவும் பேச்சை அங்கேயே முடித்துவிடும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாத நாள் வரும். "உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண்ணும் அவமானமும்

உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 தடை செய்கிறது. பிரம்பு குறைந்துவிட்டது. இரண்டாவது இன்னும் இருக்கிறது. மதிப்பெண்ணைக் குறைந்ததிலிருந்து வாசிப்பது அதில் ஒன்று. விடைத்தாளை மடித்து, மதிப்பெண் உள்பக்கம் இருக்கும்படி கொடுங்கள். தாளில் ஒரு வரி எழுதுங்கள்: "3ஆம் கேள்வியில் முறை சரி, கூட்டலில் தவறு." எதைத் திருத்தினால் மேலே வரலாம் என்று தெரிந்த பிள்ளைக்கு அடுத்த தேர்வின் மேல் பயம் குறையும்.

மூச்சு முட்டி நடுங்கும்போது

தேர்வு நாளில் ஒரு பிள்ளைக்குக் கை மரத்து, மூச்சு வாங்கி, "செத்துருவேன் மிஸ்" என்று வரலாம். ஆஸ்துமாவோ இதய நோயோ உண்டா என்று உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். இருந்தால் உடனே 108. இல்லையென்றால் கூட்டத்தை விலக்கி, காற்றோட்டமான இடத்தில் பாதம் தரையில் படும்படி உட்கார வையுங்கள். நாலு எண்ணி மூச்சு உள்ளே, ஆறு எண்ணி வெளியே. எண்ணுவது நீங்கள், கூடவே மூச்சு விடுவதும் நீங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் தணியத் தொடங்கும். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வது ஆபத்து. கால் மணியில் அடங்கவில்லை, உதடு நீலமாகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றாலும் 108தான்.

வீட்டுக்குப் போன்

முதல் மாதத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல சேதி சொல்ல ஒருமுறை போன் செய்யுங்கள். "உங்க பையன் இன்னிக்கு விழுந்த பிள்ளையைத் தூக்கி விட்டான்" போன்ற ஒரு வரி போதும். ஒரு நாளைக்கு இரண்டு போன், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். முதல் போனே புகாராக இருந்தால் அன்று இரவு பிள்ளைக்கு அடி விழும். அதன்பிறகு உங்களிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

பிறகு பிரச்சினைக்காகப் பேசும்போது கேள்வியாகக் கேளுங்கள்: "ரெண்டு வாரமா சரியா சாப்பிட மாட்டேங்கிறா. வீட்ல எப்படிங்க இருக்கா?" அப்பா குடிக்கிறார், அம்மா திருப்பூரில் வேலை, பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார் என்று தெரியவரலாம். அப்படியானால் அடுத்த போன் பாட்டிக்கு.

பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளை திரும்பி வரும் நாளுக்கு முன்பே எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் சொல்லிவிடுங்கள். "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா" என்று யாரோ ஒருவர் பழக்கத்தில் சொல்லிவிடுவார். "வீட்டுப் பெரியவங்ககிட்ட" என்று வகுப்பு முழுவதற்குமே மாற்றிக்கொண்டால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். "நீதான் இனிமே குடும்பத்தைப் பார்க்கணும்" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

உடனே மேலே கொண்டுபோக வேண்டியவை

சாவைப் பற்றிப் பேசுவது, நோட்டில் எழுதுவது, பிடித்த பொருளை எல்லாருக்கும் கொடுத்துவிடுவது, தன்னைக் காயப்படுத்திய தழும்பு. இவற்றைக் கண்டால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாரத்தைக் குறைக்கும். ஆம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. தலைமையாசிரியருக்குச் சொல்லி, வீட்டுப் பெரியவரை நேரில் வரவழைத்து, கையில் ஒப்படையுங்கள். பூச்சிமருந்து, மாத்திரை எல்லாம் அன்றே வீட்டிலிருந்து அகற்றவோ பூட்டி வைக்கவோ சொல்லுங்கள். மறுநாளே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் தேர்வு முடிவு வரும் நாளில் தேர்ச்சி பெறாமல் போகக்கூடும் என்று தோன்றும் பிள்ளைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, காலையிலேயே போன் செய்து, துணைத்தேர்வு இருப்பதைச் சொல்லுங்கள்.

பாலியல் தொல்லை என்று பிள்ளை சொன்னால் துருவித் துருவிக் கேட்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். "சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு, அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவையுங்கள். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டுவரை. நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மேல் வழக்கு வராது. பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. பயப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள். "பள்ளிப் பெயர் கெடும், உள்ளேயே பேசி முடிச்சிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு நீங்களே பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் கரும்பலகைக்குப் பக்கத்தில், பிள்ளைகள் கண்மட்டத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஏப்ரலில்

ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பாசிரியரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அவருக்குத் தேவையானது பிள்ளைக்கு ஒரு வரி: யார் பக்கத்தில் உட்கார்ந்தால் தெம்பாக இருக்கிறது, எந்தப் பீரியடில் வயிறு வலிக்கும், வீட்டில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், ஆஸ்துமா உண்டா. சிகிச்சையில் இருக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மற்றபடி பிள்ளைகள் உங்களை நம்பிச் சொன்ன வீட்டு விவரங்கள் அவரிடம் போக வேண்டியதில்லை. காவல்துறைக்குத் தெரிவித்த விஷயம் தொடர்பான பக்கங்களைத் தலைமையாசிரியரின் பூட்டிய கோப்பில் சேர்த்துவிட்டு, மீதிப் பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள்.